தாச்சியில் மணக்கும் துளசி

கேள்வி: வெளிநாட்டில் வேலை செய்தபோது விரும்பி உண்ட, துளசி போட்டுக் காரமாகப் பிரட்டும் தாய்லாந்துப் பன்றி இறைச்சியை வீட்டில் இருமுறை சமைத்தேன். இறைச்சி தண்ணீர் விட்டு அவிந்துபோனது. கடையில் வாங்கிய காய்ந்த பேசில் தூளைப் போட்டும் அந்த வாசம் வரவில்லை. தவறு எங்கே?
(வாசகி, கல்லடி)

பதில்: அதனைத் தாய்லாந்தில் ‘பட் கப்ராவ்’ என்பார்கள். ‘பட்’ என்பது தாச்சியில் பிரட்டுவது. ‘கப்ராவ்’ என்பது நம்முடைய துளசி. இறைச்சி எதுவானாலும் இலையின் பெயராலேயே வழங்கும் உணவு அது. ஆகவே காய்ந்த தூளை ஒதுக்கிவிடுங்கள். துளசியில் கராம்பின் சாயல் வீசுவது, கராம்பிலும் உள்ள யூஜினோல் என்னும் பொருளால். அது சூட்டில் ஆவியோடு போய்விடும் என்பதால், பச்சை இலையை அடுப்பை அணைத்த பிறகே சேர்க்க வேண்டும். விளக்கேற்றி வணங்கும் மாடத்துத் துளசியைக் கறிக்குக் கிள்ள மனம் வராது, வரவும் வேண்டாம். கிணற்றடியில் வெயில் விழும் இடத்தில் சமையலுக்கென்று வேறொரு கன்றை நட்டு, பூங்கதிர்களைக் கிள்ளிவிட்டு வந்தால் அது நன்றாகத் தழைக்கும். பலூடாவுக்குப் போடும் கசகசாவை முளைக்கவைத்தாலும் ஒருவகைப் பேசில் கிடைக்கும். ஆனால் அதன் வாசம் இனிப்பானது, இந்தப் பிரட்டலுக்குரியது அன்று.

இனி, தண்ணீர். 300 கிராமுக்கு மேல் ஒரே தடவையில் போட்டால் தாச்சியின் சூடு இறங்கி, இறைச்சி தன் நீரிலேயே அவியும். சற்றுக் கொழுப்புள்ள துண்டாக வாங்கி வீட்டிலேயே கத்தியால் கொத்திக்கொள்ளுங்கள். ஆறு பல் உள்ளியையும் எட்டுக் கொச்சிக்காயையும் உரலில் ஒன்றிரண்டாக இடியுங்கள். காய்ந்த எண்ணெயில் இடித்ததைப் போட்டு, மணம் எழுந்த உடனே இறைச்சியைப் பரப்பி, பெருந்தீயில் ஒரு நிமிடம் கரண்டி படாமல் விட்டுப் பின்னர் கிளறுங்கள். தொடக்கத்தில் சளசளவென்று கேட்பது நீர் கொதிக்கும் ஓசை. நீர் வற்றிக் கொழுப்பு உருகியதும் அது சடசடவென்று மாறும், இறைச்சியின் ஓரங்களும் சிவந்து வரும். சோஸ் வகைகளை ஊற்றும் நேரம் அதுவே, அதற்கு முன்னர் அன்று. ஒயிஸ்டர் சோஸும் மீன் சோஸும் ஒவ்வொரு மேசைக்கரண்டி, சோயா சோஸும் சீனியும் ஒவ்வொரு தேக்கரண்டி போதும், உப்பு தேவையில்லை. கொத்திய பன்றி இறைச்சி உள்ளே 71 பாகை செல்சியஸ் வரை சூடேறி முழுமையாக வேக வேண்டும் என்பதில் கவனமாக இருங்கள். அடுப்பை அணைத்து, துணியில் ஈரம் ஒற்றிய இலைகளை இரண்டு கைப்பிடி போட்டு, அவை வாடும் வரை மட்டும் பிரட்டுங்கள். வெள்ளைச் சோற்றின் மேல் இதனை வைத்து, ஓரம் மொறுமொறுத்த முட்டைப் பொரியலோடு உண்பதே அங்குள்ள வழக்கம்.

கேள்வி: பன்றி இறைச்சி உண்ணாத நாங்கள் இதனைச் சமைக்கலாமா?
(வாசகர், காத்தான்குடி)

பதில்: தாராளமாக. தாய்லாந்திலேயே கோழி, மாட்டிறைச்சி, இறால், கணவாய் ஆகியவற்றிலும் செய்கிறார்கள். சோஸ் போத்தல்களில் ஹலால் முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். கோழியானால் நெஞ்சை விடத் தொடை இறைச்சி நல்லது. வாவி இறால் என்றால் தோல் நீக்கி, ஈரத்தை நன்றாக ஒற்றிய பின்னரே தாச்சியில் இடுங்கள். நிறம் மாறிச் சுருண்டதும் இறக்கிவிடலாம்.