35 நாள் சுழற்சியில் 21ஆம் நாள் புரோஜெஸ்டிரோன் குறைவாக வந்தால்

உங்கள் மாதவிடாய்ச் சுழற்சி 35 நாள் என்றால், 21ஆம் நாள் எடுத்த இரத்தப் பரிசோதனையில் புரோஜெஸ்டிரோன் (முட்டை வெளிவந்த பின் மிகும் ஹார்மோன்) குறைவாக வந்ததை மட்டும் வைத்து, கருமுட்டை வெளிவரவில்லை என்று முடிவு செய்ய முடியாது.

21ஆம் நாள் என்பது 28 நாள் சுழற்சிக்கான கணக்கு. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, முட்டையை வெளியேறத் தூண்டும் எல்.எச். ஹார்மோனைத் திடீரென மிகுதியாகச் சுரந்த பிறகு, ஏறத்தாழ ஒன்றரை நாளில் முட்டை வெளியேறுகிறது. முட்டை வளர்ந்த நுண்பை, கார்ப்பஸ் லூட்டியம் என்ற தற்காலிகச் சுரப்பியாக மாறிச் சுரக்கும் புரோஜெஸ்டிரோன், சுமார் ஒரு வாரத்தில் உச்சத்தை எட்டுகிறது. சுழற்சி நீளும்போது பெரும்பாலும் நீள்வது முட்டை வளரும் முன்பாதிதான். ஆகவே உங்களுக்கு முட்டை வெளிவருவதே 21ஆம் நாளையொட்டி இருக்கலாம். அப்படியானால் அன்று அளவு குறைவாக இருப்பது இயல்பே.

அடுத்த முறை 28ஆம் நாளில், அதாவது மாதவிடாயை எதிர்பார்க்கும் தேதிக்கு 7 நாள் முன்பு, மருத்துவரிடம் கேட்டுப் பரிசோதியுங்கள். அதன்பின் மாதவிடாய் உண்மையில் வந்த தேதியையும் குறித்து வையுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். மாதவிடாய் மிகவும் தள்ளி வந்திருந்தால் அந்தப் பரிசோதனையும் நாள் தவறியதே.

சுழற்சி மாதந்தோறும் மாறினாலோ 35 நாளைத் தாண்டினாலோ இந்த நாள்கணக்கு பயன்படாது; தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரப்பைத் தூண்டும் ஹார்மோன்) அளவுகளையும் சினைப்பை நீர்க்கட்டிச் சிக்கலையும் மருத்துவர் பார்க்க வேண்டியிருக்கும்.