மரக் கடைசலுக்கு நல்ல ஸ்கியூ உளியைப் பார்த்து வாங்குவது எப்படி?

கட்டில் காலும் படிக்கட்டுத் தூணும் கடைய ஒரு சின்ன லேத், அதாவது மரத்தைச் சுழற்றும் கடைசல் இயந்திரம், எடுத்திருக்கிறேன், கொழும்பில் ஸ்கியூ உளி (வெட்டு விளிம்பு சாய்வாக உள்ள கடைசல் உளி) வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் தடிப்பைப் பாருங்கள். பிராண்டும் பிடியின் பளபளப்பும் அதற்குப் பிறகுதான்.

கடையும்போது உளியின் நுனி டூல் ரெஸ்டை, அதாவது உளியை வைத்துப் பிடிக்கும் லேத் தாங்கியை, தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அலகு மெல்லியதாக இருந்தால் அதிரும். அதிர்ந்தால் மரத்தில் வரி வரியாகத் தடம் விழும், பிறகு எவ்வளவு மண்தாள் தேய்த்தாலும் லேசில் போகாது. உங்கள் வேலைக்கு 1 அங்குல அகலம் சரி. அதற்கு 3/8 அங்குலம், அதாவது 9 அல்லது 10 மில்லிமீட்டர் தடிப்பு இருந்தால் கையில் அடங்கி நிற்கும். 6 மில்லிமீட்டருக்குக் கீழே வேண்டவே வேண்டாம். 1/2 அங்குல உளி நுணுக்கமான மணி வேலைக்குத்தான் (மணி போல உருண்ட வளையம் கடைவது), அதை ஆறுதலாக வாங்கலாம்.

அடுத்தது உருக்கு. அலகில் எச்.எஸ்.எஸ்., அதாவது ஹைஸ்பீட் ஸ்டீல், என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண கார்பன் உருக்கிலும் அருமையான கூர் ஏறும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கிரைண்டரில் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் நுனி நீலம் பாய்ந்துவிடும். அந்த இடத்தில் உரம் போயிற்று என்று அர்த்தம். நீலம் பட்ட பகுதி முழுவதையும் தேய்த்து எடுக்க வேண்டும். ஹைஸ்பீட் ஸ்டீல் 500 பாகை செல்சியஸ் சூட்டிலும் உரம் இழக்காது. புதிதாகப் பழகுகிறவர் அடிக்கடி தீட்டுவார், அதனால் உங்களுக்கு இதுதான் ஏற்றது. பழைய உளி கிடைத்து, என்ன உருக்கு என்று தெரியாவிட்டால், கிரைண்டரில் ஒரு தொடு தொட்டுப் பொறியைப் பாருங்கள். கார்பன் உருக்கு வெள்ளையாகக் கிளைவிட்டு வெடிக்கும், ஹைஸ்பீட் ஸ்டீல் மங்கிய சிவப்பில் குறைவாகவே பறக்கும்.

மொறட்டுவப் பக்கம் பழைய அரத்தைத் தீட்டி உளியாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து வாங்காதீர்கள். அரம் மிகக் கடினம், ஆனால் நொறுங்கும் தன்மையுள்ளது. சுழலும் மரத்தில் சிக்கினால் முறிந்து முகத்துக்கே வரும். அனுபவமுள்ள தச்சர்மார் கையாளுகிறார்களே என்று நினைத்து இதில் துணிய வேண்டாம்.

கொழும்பு பழைய சோனகத் தெருக் கடைகளில் ஏறி இறங்கும்போது கடைக்காரர் சாதாரணத் தச்சு உளியை எடுத்து நீட்டக்கூடும். அதன் வெட்டு விளிம்பை ஒரு பக்கம்தான் சரிவாகத் தீட்டியிருக்கும். ஸ்கியூவுக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவில் சரிவு இருக்க வேண்டும், இரண்டும் அலகுத் தடிப்பின் நடுவில் சந்திக்க வேண்டும். கையோடு ஓர் இரும்பு அடிமட்டம் கொண்டுபோங்கள். அலகு நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். ஒரு பக்கச் சரிவின் நீளம் தடிப்பைப் போல ஒன்றரை மடங்கு, வெட்டு விளிம்பு அலகின் ஓரத்தோடு ஏறக்குறைய 70 பாகை என்றால் நல்ல தொடக்கம். தீட்டிய கோணத்தை வீட்டில் மாற்றிக்கொள்ளலாம். வளைந்த அலகை ஒன்றும் செய்ய முடியாது.

அலகின் நீள ஓரங்களை விரலால் தடவிப் பாருங்கள். கூர்மையாக இருந்தால் டூல் ரெஸ்டில் பள்ளம் வெட்டும், அப்புறம் உளி வழுக்கிப் போகாமல் தடக்குப்படும். குட்டை முனைப் பக்கத்து (சாய்ந்த விளிம்பின் பின்தங்கிய முனைப் பக்கத்து) ஓரத்தை மட்டுமாவது அரத்தாலோ கல்லாலோ உருட்டிவிடுங்கள். முட்டை வடிவ அலகுள்ள ஸ்கியூவும் உண்டு, ரெஸ்டில் அழகாக நகரும். ஆனால் தீட்டும்போது ஆடும், ஓரங்களில் உலோகமும் குறைவு. எனக்கு அது பிடிக்காது, தட்டையானதையே எடுங்கள்.

எட்டு உளி அடுக்கிய பெட்டியை விட, அதே காசுக்கு ஒரு கனமான ஸ்கியூ எவ்வளவோ மேல். ஷெஃபீல்டில் செய்யும் ராபர்ட் சோர்பி, க்ரவுன் உளிகள் வெளிநாட்டிலிருந்து யாராவது வரும்போது கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம்.

ஒரு விஷயம் மட்டும்: இந்த உளி தூண், கால் போன்ற நீளவாக்கு வேலைக்கு. கிண்ணம் கடைய இதைத் தொடாதீர்கள், குறுக்கு இழையில் கடுமையாகச் சிக்கும். அதற்குக் கௌஜ் உளி (குழிந்த அலகுள்ள உளி) தனியாக வாங்க வேண்டும்.