நினைத்த நாளும் போன் வந்த நாளும்

மதிப்பிற்குரிய ஐயா,

மேலூரில் இருக்கும் தங்கையை நினைத்தால் அன்றைக்கே அவளிடமிருந்து போன் வருகிறது. உட்கார்ந்து யோசித்தால் இப்படி எத்தனையோ ஞாபகத்துக்கு வருகின்றன. பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் பார்க்காமலே மனம் ஒன்றியவர்கள்தானே? பேச்சில்லாமல் ஓடும் இந்தத் தொடர்பை நினைவைக் கொண்டு கண்டுபிடிக்க முடியுமா?

ஒரு வாசகர், திருமங்கலம்

அன்புள்ள நண்பருக்கு,

‘உட்கார்ந்து யோசித்தால்’ என்கிறீர்களே, கோளாறு அங்கேதான். தங்கையை நினைத்தும் போன் வராத நாள் மனதில் தங்காது. அன்று ஒன்றும் நடக்கவில்லையே. நினைக்காமலே போன் வந்த நாளும் அப்படியே கழிந்துவிடும். இரண்டும் பொருந்திய நாள்தான் மிஞ்சும்.

பிசிராந்தையார் கதை இதற்கு நேர்மாறு. வடக்கிருந்த, அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல் உயிர்விடத் துணிந்த சோழன், ‘அவன் வருவான், அவனுக்கும் இடம் ஒதுக்குங்கள்’ என்று சொன்னது அவர் வருவதற்கு முன்னால், நான்கு பேர் காதுபட. புறநானூற்றின் 216-ஆம் பாட்டு அது. அடுத்த பாட்டில் சோழனின் புலவர் நண்பர் பொத்தியார் வியப்பதும், வருவான் என்ற சொல்லையும் அது பொய்க்காமல் வந்தவரையும்தான். வந்த பிறகு ‘எனக்கு அப்போதே தோன்றியது’ என்று சொல்லியிருந்தால் என்ன மதிப்பு?

நீங்களும் முன்னாலேயே சொல்லுங்கள். ஒரு சின்ன நோட்டு போதும். தினமும் காலை 7 மணிக்குத் தேதி போட்டு, ‘இன்று அழைப்பாள்’ அல்லது ‘அழைக்கமாட்டாள்’ என்று ஏதாவது ஒன்றை எழுதுங்கள். இரவு 10 மணிக்கு வந்ததா இல்லையா என்று குறியுங்கள். 60 நாள் போகட்டும். ‘அழைப்பாள்’ என்று எழுதிய 30 நாளில் 12 நாள் போன் வந்தது, ‘மாட்டாள்’ என்ற 30 நாளிலும் 12 நாள் வந்தது என்றால், உங்கள் ஊகத்துக்கும் போனுக்கும் சம்பந்தமில்லை. ‘அழைப்பாள்’ பக்கம் 20, ‘மாட்டாள்’ பக்கம் 10 என்று வந்தாலும் அவசரப்பட வேண்டாம். அவர் ஞாயிறுதோறும் பேசுகிறவராக இருக்கலாம், உங்கள் மனமும் அதைக் கணக்கு வைத்திருக்கலாம். ஞாயிறை ஞாயிறோடும் மற்ற நாளை மற்ற நாளோடும் ஒப்பிட வேண்டும். அழகர் ஆற்றில் இறங்கும் நாள், அப்பா திதி போன்றவை இருவருக்கும் ஒரே நினைப்பைக் கொடுக்கும். அவற்றைக் காலையிலேயே தனியாகக் குறித்துவிடுங்கள். நீங்கள் முந்திக்கொண்டு மிஸ்டு கால் கொடுத்தாலோ ஸ்டேட்டஸ் போட்டாலோ அந்த நாள் கணக்கில் சேராது.

பலர் இதைக் கெடுப்பது ஒரே இடத்தில்தான்: காலையில் எழுத மறந்துவிட்டு, போன் வந்த பிறகு நிரப்புவது. மொய் நோட்டை விசேஷம் முடிந்து ஒரு வாரம் கழித்து ஞாபகத்திலிருந்து எழுதுவோமா? விட்டுப்போன நாளை வெற்றிடமாகவே விடுங்கள்.

பேச்சில்லாத தொடர்பு என்று ஒன்று நிச்சயம் உண்டு, அது வேறு வகை. கூடவே வாழ்கிறவர்கள் ஞாபகத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1985-இல் இதை விளக்கினார். பட்டா எங்கே இருக்கிறது என்பது கணவருக்குத் தெரியும், எந்தச் சித்தப்பா வீட்டுக்கு எவ்வளவு மொய் என்பது மனைவிக்குத் தெரியும். யாருக்கு எது தெரியும் என்பது இருவருக்கும் தெரியும். சோதிப்பது சுலபம். வீட்டு விஷயமாகப் பத்துக் கேள்வி எழுதி, ‘இது யாருக்குத் தெரிந்திருக்கும்?’ என்று இருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். பதில் எத்தனை இடத்தில் ஒத்துப்போகிறது என்று பாருங்கள்.

நோட்டு விஷயம் இப்போதைக்குத் தங்கைக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் அவர் போன் போடும் வழக்கமே மாறிவிடும்.