பொறியில் விழும் பழுப்புப் பூச்சியெல்லாம் படைப்புழு ஆகாது

கேள்வி: பெரம்பலூர் மாவட்டத்தில் மக்காச்சோளம் போட்டிருக்கிறேன். குருத்தில் புழு விழுந்திருக்கிறது. இனக்கவர்ச்சிப் பொறியில் பழுப்பு நிற அந்துப்பூச்சிகள் சிக்குகின்றன. "எல்லாம் ஒரே குடும்பம், ஒரே மருந்து போதும்" என்கிறார் கடைக்காரர். செல்போன் செயலி படத்துக்குப் படம் வேறு பெயர் காட்டுகிறது. பூச்சி எதுவென்று தெரிந்துதான் ஆக வேண்டுமா?

பதில்: தெரிந்தே ஆக வேண்டும். ஒரே குடும்பம் என்று அவர் சொன்னது பெரும்பாலும் சரி. ஒரே மருந்து என்பது வியாபாரம்.

உங்கள் வயலில் இருக்கக்கூடியவை முக்கியமாக மூன்று: இந்தியாவில் 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் முதலில் கண்டறியப்பட்ட அமெரிக்கன் படைப்புழு, நிலக்கடலைக்காரர்கள் நன்கு அறிந்த புரொடீனியா புழு, பருத்தியையும் துவரையையும் துளைக்கும் காய்ப்புழு. மூன்றும் நாக்டுயிடே குடும்பம். முதல் இரண்டும் ஸ்போடாப்டிரா என்ற ஒரே பேரினம், காய்ப்புழு ஹெலிகோவெர்பா. அதாவது முதல் இரண்டும் பங்காளிகள், மூன்றாவது சற்றுத் தள்ளிய உறவு. இந்த உறவை இறக்கை நிறத்தை வைத்து யாரும் முடிவு செய்வதில்லை. பகலில் சருகிலும் மண்ணிலும் ஒளிந்து கிடக்கும் அந்துப்பூச்சிக்குப் பழுப்பு நிறம் உயிர்க்காப்பு. உறவே இல்லாத கூட்டங்களிலும் அதே நிறம் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. இறக்கை நரம்புகள், மார்பின் பின்பகுதியில் உள்ள செவி, ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பு, இப்போது மரபணு ஆகியவற்றைப் பார்த்துத்தான் வகைப்படுத்துகிறோம்.

நிலக்கடலையை மொட்டையடிக்கும் சிவப்புக் கம்பளிப்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஆர்க்டிடே என்ற தனிக் குடும்பமாகவே வைத்திருந்தார்கள். மரபணு ஒப்பீட்டுக்குப் பின், 2010-களின் தொடக்கத்தில், அந்தக் கூட்டமே எரெபிடே குடும்பத்துக்குள் துணைக் குடும்பமாகப் போய்விட்டது. நம் போட்டித் தேர்வுக் கையேடுகள் இன்னும் பழைய பெயரையே அச்சிட்டு விற்கின்றன. பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்கிறார்கள்; திருத்த வேண்டியவர்கள் கண்டுகொள்வதில்லை.

உறவு தெரிந்தால் குணமும் ஓரளவு தெரியும். ஸ்போடாப்டிரா இரண்டும் முட்டைகளைக் குவியலாக இட்டு, மேலே ரோமம் போன்ற செதில்களால் மூடிவைக்கும். காய்ப்புழுவின் தாய் ஒவ்வொன்றாக இட்டுச் செல்லும். இலையில் பஞ்சு ஒட்டியதுபோல் குவியல் தெரிந்தால் அங்கேயே நசுக்கிவிடுங்கள், காசில்லாத வேலை.

இனி புழுவைப் பாருங்கள். வளர்ந்த புழுவாக எடுங்கள், பொடிப்புழுவில் எதுவும் விளங்காது. தலையில் தலைகீழ் ஆங்கில 'ஒய்' வெளிர்நிறத்தில் தெரியும் என்று எல்லாத் துண்டுப்பிரசுரத்திலும் போட்டிருக்கிறார்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். வேறு பல புழுக்களின் தலையிலும் அந்தக் கோடு இருக்கிறது. வால்பக்கம் கடைசிக்கு முந்தைய உடல் வளையத்தில் நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்திருந்தால் படைப்புழு. புரொடீனியாவுக்கு முதுகின் இருபுறமும் கருப்பு முக்கோணங்கள் இருக்கும். காய்ப்புழுவின் தோலை லென்ஸில் பார்த்தால் நுண்முட்களால் சொரசொரப்பாகத் தெரியும். படைப்புழுவுக்கு அந்த நுண்முட்கள் கிடையாது, தொட்டால் வழவழப்பாக இருக்கும்.

பொறிக்கு வருகிறேன். ஒவ்வோர் இனத்துக்கும் தனி லூர், அதாவது ஆண் பூச்சியை இழுக்கும் வாசனைப் பொருள். புரொடீனியா லூரைப் படைப்புழு லூர் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள்; உறையில் இனப்பெயர் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், பில் இல்லாமல் வாங்காதீர்கள். சரியான லூர் போட்டாலும் ஒரு சிக்கல் உண்டு. மித்திம்னா லோரேயி என்ற அந்துப்பூச்சியும் அதே குடும்பம்தான். வாசனையில் ஏமாந்து படைப்புழுப் பொறியில் வந்து விழும். ஆப்பிரிக்காவில் படைப்புழுவைக் கணக்கெடுத்தவர்களை இது நன்றாகவே குழப்பியது. நம் நாட்டிலும் அது உண்டு. படைப்புழுவின் ஆண் பூச்சிக்கு முன்னிறக்கை நுனியருகே வெண்திட்டு இருக்கும். மித்திம்னாவுக்கு அந்தத் திட்டு கிடையாது, வைக்கோல் நிறத்தில் இருக்கும். ஆனால் பொறிக்குள் படபடத்துச் செதில் உதிர்ந்த பூச்சியில் திட்டும் தெரியாது, நிறமும் தெரியாது. அப்போது வயிற்றுப் பகுதியை அறுத்து இனப்பெருக்க உறுப்பைப் பார்த்தால்தான் உறுதி. செயலி தடுமாறுவதும் இதனால்தான்: இறக்கையில் மிஞ்சியதை வைத்து அது ஊகிக்கிறது. ஆகவே பொறியில் விழுந்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து மருந்தடிக்காதீர்கள். குருத்தைப் பிரித்து, புழுவைப் பார்த்து முடிவெடுங்கள்.

"என்.பி.வி. வைரஸ், எந்தப் புழுவையும் கொல்லும்" என்று சொல்லி ஒரு பாட்டிலை நீட்டினால் வாங்காதீர்கள். என்.பி.வி. என்பது புழுவுக்கு நோய் உண்டாக்கிக் கொல்லும் வைரஸ்; புரொடீனியாவுக்கானது வேறு, காய்ப்புழுவுக்கானது வேறு. பங்காளியின் வைரஸ் படைப்புழுவிடம் போதிய பலன் தராது. பெயர் ஒட்டாத டப்பாவில் இரண்டு மூன்று மருந்தைக் கலந்து தருவதும் நடக்கிறது. தொடவே தொடாதீர்கள்.

சந்தேகம் தீரவில்லையென்றால் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் புழுவை நீங்களே நேரில் கொண்டுபோய்க் காட்டுங்கள். மாதிரியை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால், அது வருவதற்குள் புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகிவிடும். இந்தத் தாமதத்தைப் பற்றிப் பேசிப் பேசி எனக்கு அலுத்துவிட்டது. பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்து அழுகும். மூடியில் துளையிட்ட டப்பாவில், தின்ன இலையோடு, ஒன்றையொன்று கடித்துத் தின்றுவிடாதபடி தனித்தனியாக வையுங்கள். அந்துப்பூச்சியென்றால் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோங்கள், இறக்கையில் விரல் படக் கூடாது.