அடுப்பே பற்றவைக்காமல் மதியத்துக்கு என்ன கட்டிக்கொண்டு போவது?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதானே: இங்கே வேலைக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது, ஐந்து பேருக்கு ஒரே சமையலறை, விடியுமுன் கிளம்ப வேண்டும், தினமும் வெளியே வாங்கித் தின்றால் சம்பளம் கரைகிறது, அடுப்புப் பக்கமே போகாமல் மதியத்துக்கு எதையாவது கட்டிக்கொண்டு போக முடியுமா என்று. முடியும். நான் வந்து 14 வருடம் ஆகிறது, அதில் பாதிக்கு மேல் அப்படித்தான் ஓட்டியிருக்கிறேன்.

முதல் வருடம் மட்டும் புத்தி வரவில்லை. ராத்திரி 11 மணிக்குச் சமைத்து, டப்பாவில் அடைத்து, மறுநாள் வேலையிடத்தில் இருந்த ஒரே மைக்ரோவேவ் முன்னால் வரிசையில் நின்றே அரை மணி இடைவேளையில் பாதியைத் தொலைப்பேன். ஒருநாள் எனக்கு முன்னால் நின்றவர் சூப்பைப் பொங்கவிட்டுவிட்டார், அவர் பாவம் அதைத் துடைத்து முடிப்பதற்குள் நேரம் போய்விட்டது, நான் டப்பாவைத் திறந்து ஆறிக் கிடந்ததை நின்றுகொண்டே விழுங்கினேன். எப்படியும் ஆறியதைத்தான் தின்னப்போகிறோம் என்றால், ஆறியிருந்தாலே நன்றாக இருக்கிற ஒன்றைக் கொண்டுவந்திருக்கலாமே என்று அன்றைக்குத்தான் தோன்றியது. நீங்களும் அங்கிருந்தே யோசியுங்கள். சூடான சாப்பாட்டுக்கு மாற்றாக எதையும் தேடாதீர்கள், ஏமாற்றமாக இருக்கும்.

அநேகமாக பிரெட்டுக்கு நடுவில் தக்காளியும் வெள்ளரியும் வைத்துப் பார்த்திருப்பீர்கள், மதியம் திறந்தால் ஊறிப்போன பஞ்சு மாதிரி இருந்திருக்கும். வெட்டிய காயில் உப்புப் பட்டதும் அது தண்ணீர் விடும், அந்தத் தண்ணீரைப் பிரெட் குடித்துவிடும். அதனால் வீட்டில் உப்புப் போடாதீர்கள், தின்னும்போது தூவிக்கொள்ளுங்கள். பிரெட்டின் உள்பக்கம் இரண்டிலும் ஓரம் வரைக்கும் வெண்ணெயோ சீஸோ கடலை வெண்ணெயோ (பீனட் பட்டர்) தடவுங்கள், கொழுப்பு ஈரத்தை உள்ளே விடாது. தக்காளியை முழுசாகவே எடுத்துப் போய் அங்கே வெட்டிக்கொள்வது இன்னும் நல்லது. சின்னத் தக்காளி கிடைத்தால் வெட்டும் வேலையும் இல்லை.

பிரெட் மட்டும் தின்றால் மூன்று மணிக்கே வயிறு கத்தும். எனக்குக் கைகொடுத்தது டின்னில் வரும் கொண்டைக்கடலைதான். அது டின்னுக்குள்ளேயே வெந்தது, திறந்து தின்னலாம். 400 கிராம் டின்னில் தண்ணீரை வடித்தால் சுமார் 240 கிராம் கடலை இருக்கும், ஒரு ஆளுக்கு இரண்டு நாள் மதியத்துக்குப் போதும். வடித்துவிட்டுக் குழாயடியில் நன்றாகக் கழுவுங்கள், அந்தத் தண்ணீரில் உப்பு ஏராளம். மிச்சத்தைத் திறந்த டின்னிலேயே விடாமல் மூடி போட்ட டப்பாவுக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

இதை அகல வாய் பாட்டிலில் போடுவதில் ஒரு வரிசை இருக்கிறது. அடியில் எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் எண்ணெய், மிளகுத்தூள், சீரகத்தூள். அதன்மேல் கடலை, அது சாற்றில் ஊற ஊறத்தான் ருசி. பிறகு கேரட், குடைமிளகாய் மாதிரி கெட்டிக் காய்கள். உச்சியில் கீரை இலைகள், சாறு எட்டாத உயரத்தில். பாட்டிலை நிமிர்த்தியே கொண்டு போய், தின்னும் நேரத்தில் குலுக்குங்கள். நான் இதைப் படுக்கைவாட்டில் பையில் போட்டு, மூடி கசிந்து, ஒரு கட்டுக் காகிதங்களை எலுமிச்சை வாசனையோடு மேலதிகாரியிடம் கொடுத்திருக்கிறேன். மூடி மேல் நம்பிக்கை இல்லாவிட்டால் சாற்றைச் சின்னத் திருகு மூடி டப்பாவில் தனியாக வையுங்கள். இதே கடலையை முள்கரண்டியால் மசித்து, எலுமிச்சையும் கெட்டித் தயிரும் கலந்தால் பிரெட்டுக்குத் தடவவும் ஆயிற்று.

சமைக்க வேண்டாம் என்பதைப் பச்சையாகத் தின்னலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். என்னோடு அறையில் இருந்த ஒருவர், டின் எதற்குக் காசு செலவு என்று காய்ந்த ராஜ்மாவை ராத்திரி முழுக்க ஊறவைத்து அப்படியே தின்றுவிட்டு இரண்டு நாள் கழிப்பறையை விட்டு வரவில்லை. அதில் இருக்கிற லெக்டின் என்ற நச்சுப்பொருள் நன்றாகக் கொதிக்க வேகவைத்தால்தான் போகும், ஊறினால் போகாது. முளைகட்டிய பயறும் அப்படித்தான், பார்க்க ஆரோக்கியமாக இருக்கும், ஆனால் முளைக்க வைக்கிற அந்தச் சூடும் ஈரமும் கிருமிக்கும் பிடித்த இடம். 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளையிலிருந்து பரவிய ஈ.கோலி கிருமியால் 50 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். உறைந்த சோளமும் பட்டாணியும் பெரும்பாலும் சமைத்துத் தின்னத்தான், பாக்கெட்டில் எழுதியிருக்கும். சோளம் வேண்டுமென்றால் டின்னில் வருவதை வாங்குங்கள்.

பயமுறுத்தியது போதும். ராத்திரி படுக்கப் போகுமுன் இரண்டு நிமிடம் ஒதுக்க முடியும் என்றால் ஓட்ஸ் இருக்கிறது. ஆலையிலேயே ஆவியில் வேகவைத்துத் தட்டையாக்கி வருவது அது, அரை கப் ஓட்ஸுக்கு அரை கப் பால், இரண்டு கரண்டி தயிர், கொஞ்சம் பாதாம், முந்திரி மாதிரி கொட்டைகள், திராட்சை, மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் காலையில் தயார். இனிப்பு பிடிக்காவிட்டால் கூஸ்கூஸ், கோதுமை ரவையில் செய்கிற சின்னச் சின்ன மணிகள். சீக்கிரம் வேகும் வகையென்றால் அதுவும் ஏற்கெனவே வெந்ததுதான், அதே அளவு பச்சைத் தண்ணீர் ஊற்றி அரை மணி விட்டால் மெத்தென்று ஆகிவிடும், கெட்டிலில் சுடுதண்ணீர் கிடைத்தால் ஐந்து நிமிடம். வெட்டிய காயும் டின்னில் வரும் டூனா மீனும் போட்டுக் கிளறினால் முழுச் சாப்பாடு. டூனா வாசனைக்குப் பக்கத்து மேஜைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை, ஜன்னலோரம் போய் உட்காருங்கள்.

இனி குளிர்ச்சி. இதைத்தான் புதிதாக வந்தவர்கள் கவனிப்பதில்லை. 5 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரி வரை கிருமிகள் வேகமாகப் பெருகும், தயிர், சீஸ், திறந்த டூனா, கழுவிய கடலை எதுவும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. நீங்களோ ஆறு மணிக்குக் கிளம்பி ஒரு மணிக்குத் தின்கிறீர்கள். வேலையிடத்தில் ஃபிரிட்ஜ் இருந்தால் போனதும் அதில் வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் குளிர் காக்கும் பையும் ஐஸ் பேக்கும் வாங்குங்கள். ஐஸ் பேக்கை டப்பாவுக்கு மேலே வைக்க வேண்டும், குளிர் கீழே இறங்கும். நான் முக்கால் பாட்டில் தண்ணீரை உறைய வைத்துப் போடுவேன், மதியத்துக்குள் குடிக்கவும் ஆகிவிடும். முழுசாக நிரப்பினால் உறையும்போது விரிந்து பாட்டில் வெடிக்கும், சொல்லிவிட்டேன்.

குளிர்ச்சியே தேவையில்லாத சாப்பாடும் உண்டு. கடலை வெண்ணெய் தடவிய பிரெட், வாழைப்பழம், முழு ஆப்பிள், வறுத்த கொட்டைகள், திறக்காத டூனா டின். ரொம்ப அவசரமான நாளுக்கு இதில் ஒரு செட்டை எப்போதும் அலமாரியில் தயாராக வைத்திருங்கள். கூட வேலை பார்க்கிறவர்களில் யாருக்காவது கொட்டை ஒவ்வாமை இருக்கிறதா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், சில இடங்களில் உள்ளேயே கொண்டுவர விடமாட்டார்கள்.

காய் வெட்டுவதை விடுமுறை நாளில் முடித்துவிடலாம், கேரட்டும் குடைமிளகாயும் மூடிய டப்பாவில் மூன்று நான்கு நாள் நிற்கும். வெங்காயத்தை மட்டும் அன்றன்றைக்கு, இல்லையென்றால் ஐந்து பேர் ஃபிரிட்ஜும் நாறி உங்கள் பெயரும் நாறும். அப்புறம் ஒரு ஸ்பூன் வேலையிடத்து டிராயரிலேயே கிடக்கட்டும். நான் பேனா மூடியால் கடலை குத்தித் தின்ற நாட்கள் உண்டு, அது எளிதான வேலையில்லை.