க்ரூசர் பைக்ல முதுகு ஏன் இப்படி அடி வாங்குது?

கேள்வி: க்ரூசர் பாக்க சொகுசா இருக்கு, ஆனா ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி இறங்குனா நடுமுதுகுல குத்துதே, ஏன் சார்?

பதில்: சீட் தாழ்வா வரணும்னு பல க்ரூசர்ல பின் ஷாக் அப்சார்பர் அசையுற தூரத்தக் குறைச்சுடுறாங்க, நீங்க வேற கால முன்னாடி நீட்டி உக்காந்திருக்கீங்க, பள்ளம் வந்தா கால ஊனி எழும்பவும் முடியாது, மொத்த அடியும் முதுகுக்குத்தான். ராயல் என்ஃபீல்டோட க்ரூசர் மீட்டியோர் 350ல பின் ஷாக்குக்கு 6 படி ப்ரீலோட் (ஸ்பிரிங்க முன்கூட்டியே இறுக்கி வைக்குற செட்டிங்) இருக்கு, பின்னாடி ஆளு ஏத்துறப்ப ரெண்டு படி கூட்டுங்க, அடி தட்டாது. தனியா போறப்ப இறக்கிடுங்க, இல்லனா கட்டை வண்டிதான். வீல்பேஸ், அதாவது ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல உள்ள தூரம், 1400 மி.மீ., முன் சக்கரத்த பிடிச்சிருக்குற ஃபோர்க்கும் சாய்வு, அதான் நேர் ரோட்டுல அலுங்காம போகும், ஹேர்பின் (கொண்டை ஊசி) வளைவுல மட்டும் கொஞ்சம் சோம்பேறி, ரொம்ப சாய்ச்சா கால் வைக்குற ஃபுட்பெக் தரைல உரசும், ஊட்டி போறவங்க பாத்துக்கோங்க.