கேளுங்க அண்ணாச்சி: ஹாம் செட்ட கட்டணுமா, வாங்கணுமா?

இந்த மாசம் வந்த கேள்வியில பாதிக்கு மேல ஹாம் ரேடியோ, அதாவது லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்கா வயர்லெஸ்ல பேசுறது, அது பத்திதான், அதுலயும் முக்காவாசி சொந்தமா கட்டுறதா கடையில வாங்குறதாங்கிற ஒரே சண்டை. அதனால மத்த கேள்விய தள்ளி வெச்சுட்டு இத மட்டும் எடுத்துருக்கேன்.

நான் இன்ஜினியரிங் ரெண்டாம் வருசம் படிக்கேன். ஹாம் பரீச்சையில ரெஸ்ட்ரிக்டட்ங்கிற கீழ் கிரேடு பாஸாகி, வி.யு.3ன்னு தொடங்குற கால்சைன் (ரேடியோவுல நம்ம அடையாளப் பேரு) வந்தாச்சு. எனக்க அப்பா ஒரு செட் வாங்கித் தாறேன்னு சொல்லுதாரு. ஆனா சீனியர் ஒருத்தர் "காசு குடுத்து செட் வாங்குனவன் ஹாமே இல்ல, சொந்தமா கட்டுலே"ங்காரு. என்ன செய்ய அண்ணாச்சி?
— மாணவர், மார்த்தாண்டம்

மக்ளே, முதல்ல அந்த சீனியர் சொன்னத ஒரு ஓரமா வை. அவரு கையில இருக்க மொபைல் அவரே கட்டுனதான்னு கேட்டுப் பாரு.

சொந்தமா கட்டுனா காசு மிச்சம்னு ஒரு பேச்சு ரொம்ப நாளா ஓடுது, நான் அத நம்புறது இல்ல. ரெசிஸ்டரும் ட்ரான்சிஸ்டரும் சல்லிசாதான் கெடைக்கும், ஆனா நல்ல சால்டரிங் அயர்ன் வேணும், மீட்டர் வேணும், ஆன்டெனா அளக்க நானோ வி.என்.ஏ.ன்னு ஒரு சின்னப் பெட்டி வேணும், நாகர்கோவில் கடையில டொராய்டு (கம்பி சுத்துற காந்த வளையம்) கெடைக்காம கூரியர்ல வரவழைக்கணும், பாகத்தோட வெலைய விட கூரியர் சார்ஜ் கூட வரும், ரெண்டு மூணு எரிஞ்சும் போவும். ரெண்டாவது செட்டு கட்டும்போதுதான் உனக்கு லாபக் கணக்கே ஆரம்பிக்கும்.

இப்ப வாங்குறதப் பாப்போம். ஐகாம் 7300 மாதிரி செட்டு இங்க லட்சத்துக்கு மேல போவும், 100 வாட்ஸ். உனக்க ரெஸ்ட்ரிக்டட் லைசென்சுக்கு 50 வாட்ஸ் வரைதான் அனுமதி, 400 வாட்ஸ் எல்லாம் ஜெனரல்ங்கிற மேல் கிரேடுக்கு. அப்ப அப்பா காசுல வாங்குன செட்ட நீ எந்நேரமும் பாதிக்குக் கொறச்சு வெச்சுதான் பேசணும். சரி, பத்து வாட்ஸ் செட்டுக்கும் 50 வாட்ஸுக்கும் என்ன வித்தியாசம்னு பாத்தா 7 டெசிபல், கேக்குறவர் செட்டுல சிக்னல் பலம் காட்டுற மீட்டர்ல ஒரு படிக்கு (எஸ் பாயின்ட்) கொஞ்சம் மேல, அவ்ளோதான். ராத்திரி எரைச்சல்ல அந்த ஒரு பாயின்ட் உதவும், இல்லைன்னு சொல்லல, ஆனா 40 மீட்டர் பேண்ட்ல காலையில பெங்களூருக்கும் சென்னைக்கும் பேச பத்து வாட்ஸே தாராளம்.

நான் சொல்லுறது நடு வழி. ஹைதராபாத் அஷ்ஹர் ஃபர்ஹான், கால்சைன் வி.யு.2 இ.எஸ்.இ., அவரு வடிவமைச்ச பிட்எக்ஸ் வகை செட்டு உலகம் பூரா ஓடுது. அவரோட மைக்ரோ பிட்எக்ஸ் போர்டு பாகமெல்லாம் ஒட்டியே வந்துச்சு, பெட்டி, வயர், நாப், ஸ்பீக்கர் மட்டும் நம்ம வேலை. சர்க்யூட்டும் உள்ள இருக்க ஆர்டுயினோ ப்ரோக்ராமும் ஒளிவுமறைவு இல்லாம வெளியிட்டுட்டாரு, அதனால எந்தக் கம்பி எங்க போவுதுன்னு நீ விரல் வெச்சுப் பாக்கலாம். அந்த மாதிரி போர்டு ஒண்ணு வாங்கு. ஒண்ணுமே இல்லாம வெறும் காப்பர் போர்டுல எஸ்.எஸ்.பி. (குரல்ல பேசுற) செட்டு கட்டணும்னா வேண்டாத அலைய வடிகட்டுற கிரிஸ்டல் ஃபில்டர் கட்டணும், ஒவ்வொரு கிரிஸ்டலா ஆசிலேட்டர்ல போட்டு ஃப்ரீக்வென்சி அளந்து சோடி சேக்கணும், கட்டுன பெறவு ஹார்மோனிக்ஸ், அதாவது நம்ம அலையோட மடங்குல வேண்டாத அலை, வெளிய போவுதான்னு பாக்கணும். காலேஜ் பரீச்சைய வெச்சுக்கிட்டு அதுல எறங்குனா கால்சைன் வந்த ஆசையே அடங்கிரும், பாதி கட்டி பரண்ல போட்ட செட்டு இந்த மாவட்டத்துல ஏகப்பட்டது கெடக்கு.

ஆனா ஆன்டெனாவ மட்டும் காசு குடுத்து வாங்காத. 143ஐ மெகாஹெர்ட்ஸால வகுத்தா அரை அலை டைபோல், அதாவது நடுவுல கேபிள் மாட்டுற கம்பி ஆன்டெனா, அதோட நீளம் மீட்டர்ல வரும், 40 மீட்டர் பேண்ட்ல இருக்க 7.1க்கு சுமார் 20 மீட்டர், நடுவுல வெட்டுனா பக்கத்துக்குப் பத்து. கொஞ்சம் கூட வெச்சுக் கெட்டி, நானோ வி.என்.ஏ.வ மாட்டிப் பாத்துப் பாத்து நறுக்கிக்கிட்டே வா. மாடியில ஆறேழு மீட்டர் ஒசரத்துல கெட்டுனாலும் போதும், சிக்னல் நேரா மேல போய் வானத்துல பட்டுத் திரும்பி எறங்கும், நமக்கு அண்டை மாநிலம் எல்லாம் வேணும்னா அதுதான் நல்லது. லட்ச ரூவா செட்டுக்கு மோசமான ஆன்டெனா போட்டவன விட பத்து வாட்ஸுக்கு நல்ல கம்பி கெட்டுனவன் குரல்தான் தெளிவாக் கேக்கும்.

தண்ணி டேப் வாஷர்ல காயில் சுத்தி ட்ரான்ஸ்மிட்டர் கட்டுனதா ஒருத்தர் சொன்னாரு. கதை விடுதாரா?
— வாசகர், இரணியல்

கதை இல்ல. நான் மேல சொன்ன ஃபர்ஹான் முதல்ல கொண்டுவந்த பிட்எக்ஸ் 20 செட்டுல அதான் நடந்துச்சு. இங்க டொராய்டு கோர் கெடைக்காத காலம், அதனால பிளம்பர் கடை வாஷர் மேல கம்பி சுத்துனாங்க, டி.வி. ஆன்டெனாவோட கேபிள சேக்குற பேலன்ல இருக்க காந்தக் கோரையும் எடுத்துக்கிட்டாங்க, மிச்சம் எல்லாம் சாதாரண ட்ரான்சிஸ்டர். வாஷருக்கு காந்த குணம் கெடையாது, கம்பி அந்த வட்டத்துல நிக்க ஒரு பிடிமானம், அவ்ளோதான், அதனால சுத்து கூட வேணும். கடையில என்ன கெடைக்குமோ அத வெச்சு சர்க்யூட் போடுறவன்தான் எனக்குப் பெரிய ஆளு.

நான் கட்டுன செட்ல ஐ.ஆர்.எஃப். 510ங்கிற பவர் ட்ரான்சிஸ்டர் அடிக்கடி எரிஞ்சு போவுது. கம்பெனி செட் வெச்சிருக்க கூட்டாளிக்கு இந்தத் தொல்லையே இல்ல. நான் என்ன தப்பு பண்ணுறேன்?
— வாசகர், குளச்சல்

நீங்க தப்பு பண்ணாமயும் அது போவும், அதான் அண்ணே விசயம். கம்பெனி செட்டுக்குள்ள காவல்காரன் ஒருத்தன் இருக்கான், ஆன்டெனாவுல எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா ஏத்துக்காம பவர் திரும்பி வர்றதக் காட்டுற அளவு) ஏறுனா செட்டே தன் பவரக் கொறச்சுக்கும். உங்க செட்டுல நீங்களா அந்த சர்க்யூட்ட போட்டாதான் உண்டு, பெரும்பாலும் யாரும் போடுறது இல்ல.

அதனால வரிசையாப் பாருங்க. அந்த ட்ரான்சிஸ்டரோட உலோக முதுகு இருக்குல்லா, அது ட்ரெயின்ங்கிற கால், சப்ளை அதுல நேரா வரும். மைக்கா ஷீட்டும் ப்ளாஸ்டிக் புஷ்ஷும் போடாம ஹீட் சிங்க்ல முறுக்குனா, ஹீட் சிங்க் பெட்டியத் தொட்டுக்கிட்டு இருந்தா, சுவிட்ச் போட்டதும் ஷார்ட். மைக்கா போட்ட பெறவும் மீட்டர்ல ஒருக்கா பாத்துருங்க, ஓரத்துல சின்ன இரும்புத் துணுக்கு குத்தி ஓட்டை போட்டிருக்கும். அடுத்தது பயாஸ், பேசாம சும்மா இருக்கும்போது ட்ரான்சிஸ்டர்ல ஓடுற கரண்ட வெக்கிறது. அதுக்கு இருக்க சின்னத் திருகு, பிரீசெட்ட, முழுசா கீழ எறக்கி வெச்சுட்டு, சப்ளையில ஆம்ப் மீட்டர மாட்டி மெல்ல மெல்ல ஏத்தணும், பிரீசெட் எங்கயோ நிக்க சப்ளை குடுத்துட்டு பொக வந்த பெறவு பாத்து பிரயோஜனம் இல்ல.

சோதிச்சுப் பாக்கும்போது ஆன்டெனாவ மாட்டாதீங்க, அதுக்குப் பதிலா பவர சூடா மாத்துற டம்மி லோடு கட்டுங்க. 1 கிலோ ஓம், 2 வாட்ஸ் கார்பன் ரெசிஸ்டர் இருவது எண்ணத்த பேரலலாப் போட்டா 50 ஓம், 40 வாட்ஸ் தாங்கும். வயர்வௌண்டு போடாதீங்க, அது காயில் மாதிரி நடந்துக்கும்.

இனி குளச்சலுக்குன்னே ஒரு விசயம். கடக்காத்து உப்பு உங்க கனெக்டர்ல ஏறி, கோ-ஆக்ஸ் கேபிளோட பின்னல் வழியா தண்ணி உள்ள எறங்கி, வெளிய கேபிள் புதுசா இருக்கும் உள்ள பச்சையா அரிச்சுருக்கும். காப்பர் கம்பிய ஜி.ஐ. போல்ட்டுல முறுக்குனா இன்னும் சீக்கிரம். அப்ப எஸ்.டபிள்யூ.ஆர். ஏறும், காவல்காரன் இல்லாத உங்க செட்டு சாவும், கூட்டாளி செட்டு சத்தமில்லாம பவர் கொறச்சுட்டு ஓடிக்கிட்டு இருக்கும், அவரு அத கவனிக்கவே மாட்டாரு. ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டு, தன்னால ஒட்டிக்கிற ரப்பர் டேப்ப சுத்துங்க, மழைக்கு முன்னால ஒருக்கா அவுத்துப் பாருங்க.

ஒண்ணு சொல்லாம விட முடியாது. ஐ.ஆர்.எஃப். போனா நீங்களே பத்து நிமிசத்துல மாத்திருவீங்க. கூட்டாளி செட்டு போனா உள்ள எல்லாம் கடுகு சைஸ் பாகம், பார்சல் பண்ணி அனுப்பிட்டு மாசக் கணக்குல காத்திருக்கணும்.

எங்க ஊர்ல நெறைய பேரு ஆன்லைன்ல சின்ன வாக்கி டாக்கி வாங்கி போட்டுல கொண்டு போறாங்க. ஒக்கி புயலுக்கு அப்புறம் எல்லாருக்கும் பயம். எனக்க அண்ணன் ஆழ்கடலுக்குப் போறவன். அவனுக்கு ஹாம் செட் ஒண்ணு யாரையாவது வெச்சு கட்டிக் குடுக்கலாமா அண்ணாச்சி?
— வாசகி, சின்னத்துறை

வேண்டாம் தங்கச்சி. 2017 நவம்பர் கடைசியில உங்க ஊருப் பக்கம் பட்ட பாடு எனக்குத் தெரியும், அதனாலதான் நேராச் சொல்லுதேன்.

கைச்செட்டுல பேசுற ஹாம் பேண்ட் 144லருந்து 146 மெகாஹெர்ட்ஸ். கடல்ல ஆபத்துக்குக் கூப்பிடுற மெரைன் சேனல் 16, அது 156.8. ஹாம் பேண்ட்ல எவ்வளவு கத்துனாலும் கோஸ்ட் கார்டு காதுல விழாது. லைசென்ஸ் இல்லாம ஹாம் பேண்ட்ல பேசுறதே குத்தம், லைசென்ஸ் இருந்தாலும் தொழிலுக்கு அதப் பயன்படுத்தக் கூடாது. ஆன்லைன்ல அனுமதி இல்லாத வாக்கி டாக்கி விக்குறதக் கட்டுப்படுத்த 2025ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தனி வழிகாட்டுதலே போட்டிருக்கு.

சட்டத்த விடுங்க, தூரத்தப் பாருங்க. இந்த ரெண்டும் வி.எச்.எஃப்., அந்த அலை நேர்கோட்டுல போறது, ரெண்டு போட்டுலயும் ஆளு நின்னு கையில புடிச்சுப் பேசுனா பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர். உங்க அண்ணன் போற எடத்துக்கு அது எம்மாத்திரம்? செட்ட கட்டுனாலும் வாங்குனாலும் பூமி வளைவு மாறாது. அவ்வளவு தூரத்துக்கு சேட்டிலைட்தான் வழி, இஸ்ரோவோட டாட்ங்கிற ஆபத்துக் கருவி மாதிரி. மீன்வளத்துறை ஆபீஸ்ல போயி போட்டுக்கு என்ன கருவி தாறாங்கன்னு கேளுங்க, கூடவே அனுமதி உள்ள மெரைன் வி.எச்.எஃப். ஒண்ணு. சுனாமியப்போ போர்ட் பிளேயர்ல இருந்து பாரதி பிரசாத் குழு செய்தி அனுப்புனாங்கன்னு கேட்டிருப்பீங்க, உண்மைதான், ஆனா அவங்க லைசென்ஸ் உள்ள ஹாம்ங்க, கரையில இருந்து செஞ்ச வேலை அது.

ரேடியோ போட்டா ஒரே இரைச்சல். செட்டக் கொறை சொல்லுறதா, வீட்டக் கொறை சொல்லுறதா?
— வாசகர், வடசேரி

செட்ட ஒரு பேட்டரியில ஓட்டிக்கிட்டு, வீட்டு மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணிப் பாருங்க. எரைச்சல் நின்னா வீடு. பெறவு ஃபியூஸ் ஒவ்வொண்ணாப் போட்டுக்கிட்டே வாங்க, பெரும்பாலும் சீப்பான எல்.இ.டி. பல்பு, இல்லன்னா ஏதாவது சார்ஜர். நிக்கலன்னா பக்கத்து வீடு, அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல.

எனக்க வீட்டுக்காரரு ரெண்டு ரப்பர் மரத்துக்கு எடையில ஆன்டெனாக் கம்பி கெட்டிருக்காரு. இடி விழுந்தா வீட்டுக்குள்ள எறங்கிருமோன்னு பயம். கேட்டா "20 மீட்டர் கம்பிதான"ங்காரு.
— டீச்சர், குலசேகரம்

பயப்படுறது சரிதான் டீச்சர். மேல விழணும்னே இல்ல, பக்கத்துல எங்கயாவது எறங்குனாலும் அந்தக் கம்பியில வோல்டேஜ் பாயும். செட்ட ஆஃப் பண்ணுனா போதும்னு அவரு நெனச்சுட்டு இருப்பாரு, போதாது. கேபிள கழட்டி ஜன்னலுக்கு வெளிய போடச் சொல்லுங்க, வெளியில ஒரு எர்த் கம்பி அடிச்சு அதுல மாட்டி வைக்கட்டும். சித்திரை வைகாசியிலயும் ஐப்பசி கார்த்திகையிலயும் பேசி முடிச்சதும் கழட்டுறது பழக்கமாவணும், இடி முழங்குன பெறவு ஓடிப்போயிக் கழட்டக் கூடாது. கம்பிய மரத்துல நேரா கெட்டாம நைலான் கயிறும் கப்பியும் போட்டு ஒரு முனையில கல்லு தொங்கவிட்டா காத்துல மரம் ஆடும்போது அறுந்து விழாது, பால் வெட்டுற பட்டையிலயும் உரசாது.

ரிட்டயர்டு வயர்மேன். இப்பதான் பரீச்சை எழுதலாம்னு ஆசை. கை லேசா நடுங்குது, சின்ன பாகமெல்லாம் ஒட்ட முடியாது. பழைய செட்டு ஒண்ணு வெலைக்கு வருது, வாங்கலாம்லா?
— வாசகர், தக்கலை

தாராளமா அண்ணாச்சி. பரீச்சைக்கு 12 வயசு ஆயிருக்கணும், அதுக்கு மேல வரம்பே இல்ல, தொலைத்தொடர்புத் துறையோட சரள் சஞ்சார் இணையதளத்துல விண்ணப்பம் போடுங்க. போஸ்ட்ல ஏறுன உங்களுக்கு ஆன்டெனா கெட்டுறது ஒண்ணும் பெரிய காரியம் இல்ல.

பழைய செட்டுக்கு காசு குடுக்குறது கால்சைன் வந்த பெறவு, விக்குறவரும் லைசென்ஸ் உள்ளவரான்னு பாத்து, பில்லு இல்லன்னா கைப்பட எழுதி வாங்கிக்கிட்டு. ட்ரான்ஸ்மிட் பண்ணிக் காட்ட வேண்டியது அவரு, அவரு கால்சைன்ல, உங்க முன்னாடி, டம்மி லோடுல. ஒவ்வொரு பேண்ட்லயும் பவர் வருதா, 100 வாட்ஸுக்கு 20 ஆம்பியர் பக்கம் இழுக்குதா, ஃபேன் சுத்துதான்னு பாருங்க. மேல் மூடியத் தொறந்து காட்டச் சொல்லுங்க, ஸ்க்ரூ தலை உப்பு பூத்து வெள்ளையா இருந்தா அது கடக்கரை செட்டு, வெலையக் கொறைச்சுக் கேளுங்க இல்லன்னா விட்டுருங்க.